அறுபத்திரண்டாம் லெவலுக்கு ஒரு டோக்கன்

கடல் எங்கள் ஊருக்கு ஏழு லாரிகளில் வந்தது. ராபர்ட்சன்பேட்டையில் சர்க்கஸ்காரர்கள் கூடாரம் போடுகிற மைதானத்தில் தகரத்தால் பெரிய கொட்டகை எழுப்பினார்கள். வாசலில் வாயைப் பிளந்த ஒரு சுறா, ஃபைபரில் செய்தது. உள்ளே போகிறவர்கள் அதன் பற்களுக்கு நடுவில்தான் நுழைய வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள், அவர்களும் முழங்கால் வரை நனைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பியவர்கள்தான். இந்தக் கடலுக்கு உப்பு மூட்டை மூட்டையாக வந்திறங்கியது. தண்ணீர் மட்டும் எங்கள் ஊர் டேங்கர் தண்ணீர். நாங்கள் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கிற தண்ணீரில் உப்பைக் கரைத்து மீனை விடுகிறார்களே என்று முதல் நாள் எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். இரண்டாம் நாள் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

அப்போது எனக்கு வேலை இல்லாமலிருந்தது. பதினெட்டு வருடம் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய் வந்த துணிக் கம்பெனியில் ஒரு நாள் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். கட்டிக்கொடுத்த இடம் எனக்கு எப்போதோ சரிவராமல் போய், நானும் அம்மாவும் மட்டுமாக நந்திதுர்க் பக்கம், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீட்டில் இருந்தோம். கண்காட்சிக்காரர்களுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் மைக்கில் பேச ஆள் தேவைப்பட்டது. எங்கள் ஊரில் அது பெரிய படிப்பில்லை. குழாயடியில் சண்டை போடவே மூன்றும் வேண்டும்.

எனக்கு நீலக் கோட்டு ஒன்று கொடுத்தார்கள். தோளில் தங்க நிறப் பட்டை, தலைக்குக் கப்பல் கேப்டன் தொப்பி. நாற்பத்தாறு வயதில் அந்தத் தொப்பியோடு நான் நின்ற கோலத்தைப் பார்த்து, கூடப் படித்தவள் ஒருத்தி சிரித்த சிரிப்பில் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மீன்கள் கலைந்து ஓடின.

உள்ளே முதலில் கண்ணாடிக் குகை. தலைக்கு மேலும் இரண்டு பக்கமும் தண்ணீர், அதில் சின்னச் சுறாக்கள், திருக்கை, கோமாளி மீன், பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு முறைக்கிற விலாங்கு. குகையைத் தாண்டினால் கடலாராய்ச்சிக் கூடம். ஆழம் இறங்குகிறவர்கள் ஒரு காலத்தில் போட்டுக்கொண்ட பித்தளைத் தலைக்கவசம், கடலடி மலைகளின் படம், ஆட்களை ஏற்றிக்கொண்டு அடிக்குப் போகிற உருண்டைக் கப்பலின் மாதிரி. எல்லாவற்றுக்கும் கடைசியில் ‘ஆழ்கடல் பயணம்’. அதுதான் என் இடம். பன்னிரண்டு பேர் உட்காருகிற ஓர் இரும்புக் கேபின். முன்னால் வட்டச் சன்னல் போல ஒரு திரை, அதற்கு மேலே சிவப்பு எண்களில் ஆழம் ஓடும். கதவைச் சாத்தினால் கேபின் ஆடும், குளிர்ந்த காற்று வீசும், திரையில் தண்ணீர் நீலமாகி, கருநீலமாகி, கறுத்துப்போகும். ஒன்பது நிமிடத்தில் மூவாயிரத்து எண்ணூறு மீட்டர். நான் வெளியே மேசையில் உட்கார்ந்து, அதே படமும் எண்களும் ஓடுகிற ஒரு சின்னத் திரையைப் பார்த்து மைக்கில் கதை சொல்ல வேண்டும். மேசையில் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான், திரைக்கும் உள்விளக்குக்கும் இரண்டு சுவிட்சு, கயிறு கட்டிய ஒரு வெண்கல மணி. உள்ளே குழந்தைகள் பயந்து அழுதால் தெரிய வேண்டும் என்று அங்கேயும் ஒரு மைக் வைத்து எனக்கு ஸ்பீக்கர் கொடுத்திருந்தார்கள். அழுதால் சிவப்பை அழுத்தி நிறுத்த வேண்டும்.

உண்மையில் அந்தக் கேபின் தரையை விட்டு அரை அடிகூட இறங்கவில்லை. அடியில் நான்கு ஸ்பிரிங்கும் ஒரு மோட்டாரும்தான்.

இதையெல்லாம் வீட்டில் போய்ச் சொன்னதுதான் நான் செய்த தப்பு. அம்மாவுக்கு அப்போது ஒரு கண் போய்விட்டிருந்தது. கண்ணில் பிரஷர் என்றார் கோலார் டாக்டர், மற்ற கண்ணிலும் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம், மருந்து போட்டாலும் சில மாதங்கள்தான் என்றார். அம்மா அதை எனக்கு விளக்கியது வேறு விதம். “ஒங்கப்பா தலையில மாட்டினு போன லாம்ப்பு மாதிரி ஆயிட்ச்சி மே. திரும்பின எடம் மட்டும் தெரியுது.” நான் சொன்ன மீன் கதையெல்லாம் அவள் காதில் சரியாக ஏறவில்லை. ஆழத்தைச் சொன்னதும் நிமிர்ந்தாள்.

“எத்தினி அடி?”

பெருக்கிச் சொன்னேன். பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே.

“அப்போ அறுவத்திரெண்டாம் லெவலைத் தாண்டிப் போவுதா?”

“அது கடல் மா. மைன் இல்ல.”

“தண்ணி தானே? இங்கயும் இப்ப தண்ணி தானே?”

என் அப்பா அறுபத்திரண்டாம் லெவலில் இருக்கிறார். இருந்தார் என்று எழுத வேண்டும். அம்மா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை, எனக்கும் கை வரவில்லை.

எங்கள் ஊர்ச் சுரங்கங்களில் ஏறக்குறைய நூறு அடிக்கு ஒரு லெவல். ஷாஃப்ட் என்கிற ஆழமான கிணற்றில், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை இறக்குவார்கள். அறுபத்திரண்டு என்றால் ஆறாயிரத்து இருநூறு அடி. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு பகல் ஷிஃப்டில் கீழே பாறை வெடித்தது. எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஆடி ஒன்று கீழே விழுந்தது. அம்மா அதை எடுத்து வைக்கவில்லை. அடுப்பில் இருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, லைனில் இருந்த எல்லாப் பெண்களோடும் ஷாஃப்டைப் பார்த்து ஓடினாள்.

ஷாஃப்ட் வாயில் ஒரு பலகை உண்டு. கீழே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த பித்தளை டோக்கன் ஒன்று. கேஜில் ஏறும் முன்னால் அதைக் கொடுத்துவிட வேண்டும், அவர்கள் ஆணியில் மாட்டுவார்கள். ஏறி வந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஷிஃப்ட் முடிந்த பிறகும் ஆணியில் டோக்கன் தொங்கினால் ஒருவர் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். பெண்களைச் சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள். அதனால் எங்கள் பெண்களுக்குச் சுரங்கம் என்றால் அந்தப் பலகைதான். அம்மா மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் நாள் நிறையத் தொங்கின. ஆட்கள் ஏறி வர வர ஒவ்வொன்றாகக் கழன்றன. மூன்றாம் நாள் ஒன்றே ஒன்று. தேடிப் போனால் போகிறவர்களும் திரும்பமாட்டார்கள் என்று அந்தப் பக்கத்தையே சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். ஒரு பெரியவர் அந்த டோக்கனைக் கழற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார். சவப்பெட்டி இல்லாமலே கோயிலில் பூசை நடந்தது.

குழியும் இல்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே சாமந்தியும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஷாஃப்ட் கேட்டுக்குப் போவாள். காற்றில் மெழுகுவத்தி நிற்காது. அவள் ஏற்றுவாள், அணையும், மறுபடி ஏற்றுவாள். முதல் வருடங்களில் விரட்டிய வாட்ச்மேன் பிறகு அவரே தீப்பெட்டி எடுத்துக் கொடுக்கப் பழகிவிட்டார். எனக்கு மட்டும் பழகவில்லை. மற்றப் பிள்ளைகளைப் போலக் குழிமேல் பூ வைக்க முடியவில்லையே என்று எனக்கு அவமானமாக இருக்கும், அந்தக் கோபத்தை அம்மா மேல் காட்டுவேன்.

சுரங்கங்களை மூடினார்கள். கொஞ்ச காலத்தில், கீழே ஊறுகிற தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த பம்ப்புகளையும் நிறுத்தினார்கள். பம்ப்பில் வேலை பார்த்த ஒருவர் குழாயடியில், “இப்ப எல்லா லெவலும் தண்ணி ரொம்பிட்டிருக்கும்” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். அன்று அம்மா சாப்பிடவில்லை. மறுநாளும் தட்டைத் தள்ளிவிட்டாள். என்னவென்று கேட்டேன்.

“அவருக்கு நீச்சல் தெரியாதே மே” என்றாள்.

“செத்தவருக்கு எதுக்கு மா நீச்சல்?” என்றேன் நான்.

சொல்லிவிட்டு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். அம்மா அதற்குப் பிறகு என்னிடம் தண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை, இந்தக் கண்காட்சி வரும் வரைக்கும்.

கண்ணிருக்கும்போதே ஒரு தடவை இறங்கிப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஆரம்பித்துவிட்டாள். ஒரு தடவை, அந்த ஆழத்துக்கு. அங்கே தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அது டின் டப்பா மா, சினிமா மா, தலை சுத்தும் மா. அவள் ஒவ்வொரு சாயங்காலமும் நான் கோட்டைக் கழற்றும்போது கேட்பாள். இன்னிக்கு எவ்ளோ ஆழம் போன? அங்க இன்னா இருந்திச்சி? கண்காட்சி இன்னும் எத்தினி நாளு? நான் ஒவ்வொரு நாளும் ஒரு சாக்குச் சொன்னேன். கூட்டம், சனிக்கிழமை, மழை. உண்மையான காரணம் எனக்குப் பயம். அம்மா அந்த இருட்டில் உட்கார்ந்து அழுதால் வெளியே தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிற நான் என்ன செய்வேன் என்று பயம்.

நடுவில் ஒரு டேங்கர் தண்ணீர் சரியில்லாமல் வந்து ஒரே காலையில் நிறைய மீன்கள் செத்து மிதந்தன. வலையில் அள்ளி இரண்டு பக்கெட்டில் போட்டோம். அன்று சாயங்காலம் அம்மா, “எங்க பொதச்சீங்க?” என்றாள். மைதானத்துக்குப் பின்னால் குப்பையில் கொட்டினோம் என்றேன். “ஒரு குழி வெட்டியிருக்கலாம்” என்றாள்.

கண்காட்சி முடிய மூன்று நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை பகல் இரண்டரை மணி. கூட்டமே இல்லை. சுறா வாய்க்குள்ளிருந்து அம்மா வந்தாள். தனியாக ஆட்டோவில் வந்திருக்கிறாள். பூசைக்குக் கட்டுகிற அரக்குப் புடவை, தலை படிய வாரி முடிந்திருந்தாள். கண்ணாடிக் குகையில் ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். திருக்கை ஒன்று அவள் கைக்கு நேராகவே கூட வந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை. பித்தளைத் தலைக்கவசத்தின் முன்னால் மட்டும் நின்று, கழுத்தைத் திருப்பித் திருப்பி அதை முழுக்கப் பார்த்தாள். பிறகு என் மேசைக்கு வந்தாள். நான் திட்ட வாயெடுத்தேன். தொப்பியைப் பார்த்து அவள் சிரித்துவிட்டதால் திட்ட முடியவில்லை.

டிக்கெட்டுக்காகக் கையை நீட்டினேன். பழக்கம். அம்மா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தாள். கனமாக, அவள் கைச்சூட்டோடு இருந்தது. டிக்கெட் இல்லை. அப்பாவின் டோக்கன்.

அதை நான் பார்த்தே இருபது வருடம் இருக்கும். டிரங்குப் பெட்டியின் அடியில் எங்கேயோ கிடக்கிறது என்று நினைத்திருந்தேன். புளி போட்டுத் துலக்கியிருந்தாள்.

“இன்னாமா இது? இங்கெல்லாம் இது கேக்க மாட்டாங்க. டிக்கெட் எங்க?”

டிக்கெட் அவளுடைய இன்னொரு கையிலேயே இருந்தது. அதை அவள் பொருட்டாகவே நினைக்கவில்லை.

“டோக்கன் குடுக்காம எறங்கினா நான் யாரு கணக்குல இருப்பேன்? மேல யாருக்குத் தெரியும் நான் கீழ கீறேன்னு?” என்றாள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த ஆழம் ஒன்றுதான். அதற்கு இறங்குகிற முறையும் ஒன்றுதான். “பத்திரமா வெச்சிக்க. எத்தினி பெல்லு அடிப்ப?”

“ஒண்ணு.”

“மூணு அடி. ஆளு எறங்குறப்ப மூணு.”

முன் வரிசையில் உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டேன். வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மேசைக்கு வந்தேன். மணியை மூன்று தடவை அடித்தேன். பச்சையை அழுத்தினேன்.

நாற்பது நாளாக மனப்பாடமாகச் சொன்ன கதை அன்று எனக்கு வரவில்லை. ஸ்பீக்கரில் அம்மாவின் மூச்சு கேட்டது. ஐநூறு மீட்டரில், “இன்னா மே, இவ்ளோ ஜில்லுன்னு கீது?” என்றாள். ஆழம் போகப் போகக் கடல் குளிர்ந்துவிடும் என்று மைக்கில் சொன்னேன். “அங்க கொதிக்கும்பாரே ஒங்கப்பா. வேர்வையில வேட்டிய புழிஞ்சா பக்கெட்டு ரொம்பும்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “தண்ணி ரொம்பினப்பறம் அங்கயும் ஜில்லுன்னு ஆயிருக்கும் இல்ல?” என்றாள்.

“ஆயிருக்கும் மா” என்றேன். எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குரலுக்கு வேறு பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு மீட்டரில் சிவப்பை அழுத்தினேன். அதுதான் ஆறாயிரத்து இருநூறு அடி. வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு நாள் வகுத்துப் பார்த்து வைத்திருந்தேன். கேபின் ஆட்டம் நின்றது. எண்களும் நின்றன. கறுத்த திரையில் வெளிச்சப் பொட்டுகளாக ஏதேதோ உயிர்கள் இருந்த இடத்திலேயே நின்றன. நடுவில் தலையில் விளக்குத் தொங்குகிற மீன் ஒன்று.

“வந்துட்டமா?”

“வந்துட்டம். அறுவத்திரெண்டு.”

அவள் தலையை மெதுவாகத் திருப்பித் திரை முழுவதையும் பார்த்திருப்பாள். பிறகு, “தோ, அதுக்குக்கூட தலையில லைட்டு கீது” என்றாள். “ஒங்கப்பா லாம்ப்பு எத்தினி மணி நேரம் எரியும்?”

“ஒரு ஷிஃப்டு வரிக்கும் எரியும்னு சொல்லுவாங்க மா.”

“அப்பறம்?”

நான் மைக்கை வாயிலிருந்து விலக்கினேன்.

“அந்த லைட்ட எல்லாம் அணைச்சிடு மே” என்றாள்.

திரையின் சுவிட்சை அணைத்தேன். உள்ளே இருந்த சின்ன விளக்கையும் அணைத்தேன். ஒரு கண்ணில் குழாயளவு பார்வையோடு இருந்தவளுக்கு இனி வரப்போவது என்னவென்று அந்த நிமிடத்தில் எனக்கு உறைத்தது. மறுபடி போட்டுவிடலாமா என்று சுவிட்சிலேயே விரலை வைத்திருந்தேன். அப்போது ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. என்னிடம் பேசுகிற குரல் இல்லை. சின்ன வயதில் அவள் அப்பாவிடம் பேசும்போது வாசலில் கேட்ட குரல்.

“இன்னாங்க. நான்தான். மைன மூடிட்டாங்க. ஒங்க செட்டு ஆளுங்க எல்லாம் ஏறிட்டாங்க. பம்ப்பு கூட நிறுத்திட்டாங்க. நீங்க மட்டும் இன்னா பண்ணினு கீறீங்க? ஷிஃப்டு முடிஞ்சிது. ஏறி வாங்க.”

மூச்சு வாங்கினாள்.

“பாப்பாதான் மேல கீறா. பெல்லு அவ கையிலதான் கீது. பயப்படாம வாங்க.”

நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். தொப்பி கீழே விழுந்தது. செத்தவருக்கு எதுக்கு நீச்சல் என்று கேட்ட வாயைக் கோட்டுக் கையால் பொத்திக்கொண்டு அழுதேன்.

மேனேஜர் வந்துவிட்டார். தூத்துக்குடிக்காரர், ஒரு காலத்தில் சங்கு குளித்தவர், அந்த வேலையில் ஒரு காது போனவர். மிச்சமிருந்த காதால் எங்கள் எல்லாரையும் அதட்டுவதற்கான குற்றங்களை எப்படியோ கேட்டுவிடுவார். “ஏம்மா மெசினை நிப்பாட்டி வச்சிருக்கீங்க? அங்க ஒரு குடும்பம் டிக்கெட் எடுத்துட்டு நிக்கி” என்று ஆரம்பித்தார். டோக்கனைக் காட்டினேன். உள்ளே அம்மா என்றேன், அப்பா இந்த ஆழத்தில், எடுக்கவே இல்லை என்றேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. ஸ்பீக்கருக்கு நல்ல காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் குனிந்து நின்றார்.

“எங்க ஊர்லயும் கடல்ல போய் வராதவுகளுக்குக் குழி கிடையாதும்மா. கரையில நின்னுதான் கூப்பிடுவாக” என்றார். பிறகு வெளியே போய், மெசின் ரிப்பேர், பத்து நிமிடம் ஆகும் என்று அந்தக் குடும்பத்திடம் அவர் பொய் சொல்வது எனக்குக் கேட்டது.

பத்து நிமிடம் ஆகவில்லை. “போதும் மே. தூக்கு” என்றாள் அம்மா.

மணியை மறுபடி மூன்று தடவை அடித்தேன். விளக்கையும் திரையையும் போட்டேன். எண்கள் பின்னால் ஓடின. கறுப்பு கருநீலமாகி, நீலமாகி, கடைசியில் வெயில் விழுந்த தண்ணீராகியது. கதவைத் திறந்தபோது அம்மா பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பக்கத்து நாற்காலியில் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

ஏறி வந்தவருக்கு டோக்கனைத் திரும்பக் கொடுக்க வேண்டும். நான் நீட்டினேன். அம்மா வாங்கவில்லை.

“அது அவரோடது. நான்தானே ஏறி வந்தேன்” என்றாள். “நீயே வெச்சினு இரு.”

ஆட்டோவில் ஏற்றிவிட்டபோது அவள் அழுதிருந்த அடையாளம் எதுவும் இல்லை. களைத்திருந்தாள். மூன்று நாள் கழித்துக் கண்ணாடிகளைக் கழற்றி, தண்ணீரை மைதானத்தில் திறந்துவிட்டு, ஏழு லாரிகளும் வேறு ஊருக்குப் போயின. உப்பு பட்ட இடத்தில் ரொம்ப நாள் புல் முளைக்கவில்லை.

அந்த வருடக் கல்லறைத் திருநாளில் அம்மா ஷாஃப்ட் கேட்டுக்குப் போக வேண்டாம் என்றுவிட்டாள். “கூப்ட்டுப் பாத்தாச்சி” என்றாள். கிறிஸ்துமஸுக்குள் மற்றக் கண்ணும் போனது. எனக்குப் பெங்களூரில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் நாள் காலையில் நான் கிளம்பும்போது கட்டிலில் உட்கார்ந்தபடி கையை நீட்டினாள்.

“டோக்கன் குடுத்துட்டுப் போ.”

“அது அப்பாவோடதுன்னு நீதானே சொன்ன?”

“இருக்கட்டும். நீ வர வரிக்கும் என் கையில ஏதாச்சும் ஒண்ணு இருக்கணும் இல்ல?”

அன்று முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் கொடுப்பேன். சாயங்காலம் கதவைத் தள்ளும் சத்தம் கேட்டதுமே கையை விரித்து நீட்டுவாள், நான் எடுத்துக்கொள்வேன். ரயில் தாமதமான நாட்களில் டோக்கன் அவள் வியர்வையில் நனைந்து பித்தளை வாடை அடிக்கும். அப்படி ஒரு வருடமும் கொஞ்சமும் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணினாள். சோறு கொண்டுபோய்க் கொடுக்கப் போனவளுக்கு அம்மா கட்டிலில் சாய்ந்தபடியே பதில் சொல்லவில்லையாம். நான் வந்து சேர்ந்தபோது குளிப்பாட்டி அரக்குப் புடவை கட்டியிருந்தார்கள். வலது கை மூடியே இருந்தது.

“எவ்ளோ இழுத்தும் வுடல” என்றாள் அக்கா. “அது ஒங்கப்பாவோடதுதானே? கூடவே போவட்டும் மே. அவருக்கும் ஒரு குழி ஆச்சி.”

கோயில் பெண்கள் எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். எனக்கும் முதலில் சரியென்றுதான் பட்டது. நாற்பது வருடமாக எங்களுக்கு இல்லாத குழி. பூ வைக்க ஒரு இடம். பெட்டியை மூட ஆணியை எடுத்தபோது அம்மா சொன்னது காதில் விழுந்தது. டோக்கன் குடுக்காம எறங்கினா நான் யாரு கணக்குல இருப்பேன்?

நான் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். விறைத்திருந்தன, ஆனாலும் என் கைக்குத் திறந்தன. எறங்கறவங்க டோக்கன் மேலதான் இருக்கணும் என்று சொன்னேன். எங்கள் ஊரில் அதைத் திருப்பிச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

கயிற்றில் பெட்டியை இறக்கும்போது அதை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போதும் விடியற்காலை ரயில்தான். கதவைப் பூட்டுகிற நேரத்தில் தினமும் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன். கொடுத்துவிட்டுப் போக ஆள் இல்லை. டோக்கனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடக்கிறேன்.